வெள்ளவத்தையில் ஒரு பிட்டுக் கடை

வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து நாலு மாதம். முதல் கிழமைகளில் அறை, ஒபிஸ், திரும்ப அறை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒரு ஒழுங்கையில், வீட்டு முன்பக்கத்தில் ஒரு அக்கா நடத்தும் இந்தக் கடையால்தான் ஊர் எனக்குப் பிடிபட்டது.

இடியப்பம், கத்தரிக்காய்க் கறி எல்லாம் உண்டு. ஆனால் பிட்டுக்காகத்தான் போகவேண்டும். வறுத்த அரிசிமா, உருண்டை சிறிசு. குழலிலிருந்து தள்ளும்போது தேங்காய்ப்பூ வெள்ளையாகத் தனித்துத் தெரியும். கையில் உதிரும், தொண்டையில் அடைக்காது. பிட்டோடு தரும் தேங்காய்ப்பால் குழம்பான சொதியை இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிகிறார், அதனால் பால் திரைவதில்லை. அம்மாவும் அப்படித்தான்.

ஒருநாள் மழையில் பிந்திப் போனேன். "பிட்டு முடிஞ்சுது பிள்ளை. பத்து நிமிஷம் நில்லுங்கோ, புதுசா அவிச்சுத் தாறன்" என்றார். நின்றேன். அப்போதுதான் பக்கத்தில் நின்றவர்களோடு முதன்முதலாகக் கதைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் காலிமுகத்திடலுக்குப் போகச் சொன்னதும் அக்காதான். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த திடல் அது. பட்டம், கடல்காற்று, சுடச்சுட இறால் வடை. இப்போது ஞாயிறு தவறுவதில்லை.

ஒரு குறை: கடையில் இருக்க இடமில்லை, சொதியை மெல்லிய பையில் கட்டுகிறார்கள். எனக்கு ஒருமுறை வழியிலேயே கிழிந்துவிட்டது. ஏழு மணிக்கு முன் போங்கள், சொதிக்கு ஒரு பாத்திரம் கொண்டுபோங்கள்.