‘ஸ்’ ஒலியில் தொடங்கினோம்: எழுத்தட்டையும் துணிப்பையும், ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

சொரசொரப்பான எழுத்தட்டைகள் ஒரு செட், வீட்டுச் சாமான்கள் சிலவற்றைப் போட்டுவைத்த ஒரு துணிப்பை. மகளுக்கு ஆங்கில ஒலிகளைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் பயன்படுத்துவது இவ்வளவுதான்.

முதலில் எடுத்தது ‘ஸ்’. மூச்சு இருக்கும்வரை இதை இழுக்கலாம். ‘ப்’, ‘ட்’ போல வாயைத் திறந்ததும் முடிந்துவிடாது. அதனால் குழந்தையின் காதில் நன்றாகப் பதிகிறது, பின்னால் அடுத்த ஒலியோடு சேர்ப்பதும் சுலபம்.

அட்டையை ஆரம்பத்தில் நான் காட்டவே இல்லை. பைக்குள் கையை விட்டு ஒரு பொருளை எடுக்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும். ‘ஸ்’ஸில் தொடங்கினால் பாம்பு போலத் தரையில் நெளிந்து போகலாம். இல்லையென்றால் பொருள் மறுபடி பைக்குள். சாக்ஸ், சோப் எல்லாம் உடனே பிடிபட்டன. ஸ்பூன்தான் குழப்பியது. நம் வீடுகளில் அதை ‘இஸ்பூன்’ என்றுதானே சொல்கிறோம்? குழந்தை ‘இ’ என்று சொன்னால் அவள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. அதனால் ஸ்பூனையும் ஸ்டாரையும் பல மாதம் ஒதுக்கிவைத்தேன். ஷூவை மட்டும் வேண்டுமென்றே உள்ளே விட்டேன். ‘ஸ்’, ‘ஷ்’ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கும்போது உதடு குவிவதை அவளே கவனித்தாள்.

ஒலியைப் புள்ளி வைத்த மெய்யாகவே சொல்ல வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். எங்களுக்குப் பரிசாக வந்த பேசும் பொம்மை ஒன்று ‘ஸ’, ‘ன’ என்று அகரம் சேர்த்தே சொல்கிறது. அப்படிப் பழகினால் ‘ஸ-அ-ன’ என்று தனித்தனியாக நிற்கும், ‘ஸன்’ என்று சேராது. அதை எடுத்து வைத்துவிட்டோம். தமிழ் படித்த நமக்கு இது கடினமே இல்லை. ‘ம்’முக்கும் ‘ம’வுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

காது பழகிய பிறகுதான் அட்டை. 1907இல் ரோமில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில் வந்தவை இவை. எழுத்து உப்புத்தாளில் இருக்கும், மெய்கள் இளஞ்சிவப்பு அட்டையில், உயிர்கள் நீலத்தில். எழுதும் திசையிலேயே இரண்டு விரலால் தடவிக்கொண்டு ஒலியைச் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயரான ‘எஸ்’ஸை அப்போது நான் சொல்வதில்லை. சிறிய எழுத்துகள்தான் முதலில், புத்தகத்தில் அவைதான் அதிகம் வருகின்றன.

உழைப்பைப் பொறுத்தவரை அட்டை பரவாயில்லை. தினமும் தடவியதில் சொரசொரப்பு கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, ஓரிரண்டு ஓரம் உரிந்ததைப் பசை போட்டு ஒட்டினேன். ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் அட்டைகூட அவசியமில்லை, பையே போதும் என்பேன். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் வாயில் போட்டு விழுங்கக்கூடிய அளவில் எதையும் பையில் வைக்காதீர்கள். சலிப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். சில நாள் ஐந்து நிமிடம்கூட ஓடாது, அதுவே போதும்.

இப்போது பஸ், கிளாஸ் என்று கடைசி ஒலியைத் தேடும் ஆட்டம் நடக்கிறது. மூன்றெழுத்துச் சொற்களைத் தானே கூட்டி வாசிக்கிறாள். ‘ஷ்’ஷுக்கு இரண்டு எழுத்து சேர வேண்டும், எங்கள் செட்டில் அந்த அட்டை இல்லை. உப்புத்தாள் வெட்டி நாங்களே ஒன்று செய்துகொண்டிருக்கிறோம்.