கறுப்புத் தாளில் எழுந்த கோத்தம்

1992 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரின் 85 பகுதிகளையும், டிம் பர்ட்டன் இயக்கி 1989இலும் 1992இலும் வெளியான இரண்டு பேட்மேன் திரைப்படங்களையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன். பேட்மேனின் துயரத்தை அந்தப் படங்களைவிட இந்தக் கார்ட்டூன் தொடரே ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தொடர் அந்தப் படங்களுக்குக் கடன்பட்டது என்பதில் ஐயமில்லை. டேனி எல்ஃப்மன் படத்துக்கு அமைத்த இசையின் சாயலில்தான் தொடரின் முகப்பு இசை ஒலிக்கிறது. துடுப்பு போன்ற கைகளுடன் வரும் வில்லன் பெங்குவினும் இரண்டாம் படத்திலிருந்து வந்தவரே. முதல் படத்தில் ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்த, பேட்மேனின் ஊரான கோத்தம் நகரம் ஆஸ்கர் பெற்றது. ஆனாலும் இரவை உண்மையாகவே இரவாகக் காட்டியது தொடர்தான். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கியின் யோசனைப்படி பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரையாமல் கறுப்புத் தாளின்மேல் தீட்டினார்கள்; அதனால் ஜன்னல் வெளிச்சமும் தெருவிளக்கும் இருட்டுக்குள்ளிருந்து கசிந்து வருவதைப்போலத் தெரிகின்றன.

கதையில்தான் வேறுபாடு பெரிது. 1989 படம் புரூஸின் (முகமூடியில்லாத பேட்மேனின் பெயர்) பெற்றோரைக் கொன்றவனே பிற்காலத்தில் வில்லன் ஜோக்கர் ஆனான் என்று வைத்ததால், அவன் சாவோடு பழி தீர்ந்துவிடுகிறது. படத்தில் பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டன் கண்களாலேயே எவ்வளவோ சொல்லியும், அந்த முடிச்சு கதாபாத்திரத்தைச் சிறிதாக்கிவிட்டது. தொடரோ அந்தக் கணக்கைத் தீர்க்காமலே விடுகிறது. இழப்பு ஆறாத ஒருவன் மற்றவர்களின் இழப்பையும் அடையாளம் காண்கிறான்.

பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' பகுதியைப் பாருங்கள். கண்ணாடி உருண்டைக்குள் சுழலும் சிறிய நடனப் பொம்மையிடம் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் பேசுவதில் கதை தொடங்குகிறது. நோயுற்ற மனைவி நோராவைக் காக்க அவர் நடத்திய ஆய்வை நிறுவனத் தலைவர் இரக்கமின்றி நிறுத்தியதைப் பதிவான காட்சியில் பார்க்கும் பேட்மேன் அதிர்ந்துபோகிறான். ஜலதோஷம் பிடித்த அவனுக்கு வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் குடுவையில் கொடுத்தனுப்பிய சூடான சூப்தான் இறுதியில் ஃப்ரீஸின் தலைக்கவசத்தை உடைக்கிறது. பிறகு சிறையில், அதே பொம்மையின் முன் அமர்ந்து அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு வில்லனுக்காக நெஞ்சு கனக்க வைப்பதை, இரண்டு மணி நேரப் படங்களில் நான் உணரவில்லை.

குறையும் உண்டு. பல ஸ்டூடியோக்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டதால் ஓவியத் தரம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. சிறுவர்களை மட்டும் மனத்தில் வைத்த சில கதைகள் சலிப்பூட்டுகின்றன. பேட்மேனுக்குப் பேசிய கெவின் கான்ராயின் குரலும் மார்க் ஹாமிலின் ஜோக்கர் சிரிப்பும் அவற்றையும் தாங்கிப் பிடிக்கின்றன.

முந்தைய நடிகர்களை இத்தொடர் எப்படி மதித்தது என்பதற்கு 'பிவேர் தி கிரே கோஸ்ட்' பகுதியே சான்று. வாய்ப்பிழந்து வாடும் ஒரு பழைய தொலைக்காட்சி நாயகனுக்கு அதில் குரல் கொடுத்தவர், 1966இல் தொலைக்காட்சியில் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட். சிறுவயதில் தந்தையுடன் அமர்ந்து அவரைப் பார்த்து வளர்ந்ததாகவும், அவரே தன் நாயகன் என்றும் புரூஸ் அவரிடம் சொல்லும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு பகுதிகளிலிருந்து தொடங்கலாம்.