வேலூர்க் கோட்டை வாசலில் ‘டிக்கெட்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

வேலூர்க் கோட்டைக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் கவனத்துக்கு. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கும் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் சீட்டு, அதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள், அகழிப் பக்கம் நின்ற ஒரு ‘கைடு’ என் மாமனாரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டார். நுழைவு, கேமரா, கைடு எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்காம். கழுத்தில் அட்டை தொங்கியது, ஆனால் பின்பக்கம்தான் தெரிந்தது. ரசீது கேட்டேன். “உள்ளே தருவாங்க சார்.”

பணத்தைவிட அவர் அளந்த கதைகள்தான் எரிச்சல். திப்பு சுல்தானை இங்கேதான் சிறை வைத்தார்களாம். திப்பு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரிலேயே இறந்துவிட்டார். இங்கே கொண்டுவந்து வைத்தது அவருடைய குடும்பத்தை. சிப்பாய்ப் புரட்சி 1857இல் இங்கே தொடங்கியது என்றார் அடுத்து. அட, வேலூரின் பெருமையே அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது என்பதுதானே! 1806 ஜூலை 10 விடியற்காலை. நெற்றியில் குறி கூடாது, தாடியைத் திருத்து, புதுத் தொப்பி போடு என்று ஆங்கிலேயர் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவுகளில் புகைந்தது வெடித்து, கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். இதை என் பெண் பள்ளிப் பாடத்திலிருந்து சொன்னாள். கைடு காதில் வாங்கவே இல்லை, அகழி முதலைக் கதைக்குப் போய்விட்டார்.

கோயில் வாசலில் “ஸ்பெஷல் தரிசனம், இன்னொரு ஐந்நூறு” என்றார். முதலில் ரசீது, அப்புறம் அட்டையின் முன்பக்கம் என்று கேட்டேன். போன் பேசுகிற மாதிரி நழுவினவர் திரும்பி வரவில்லை. பூ விற்கும் அம்மா சிரித்தார்: “ஞாயித்துக்கிழமை ஆனா இவருக்கு இதே வேலைதான்.”

அவர் போனதும் நாங்களாகவே கல்யாண மண்டபத்தைப் பார்த்தோம். யாளிகளும் குதிரைகளும் செதுக்கிய அந்தத் தூண்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு எந்தக் கைடும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. அன்று அதற்கும் சேர்த்து யாராவது பணம் கேட்டால், ஆள் யாரென்று சொல்லவே வேண்டாம்.