31,000 கிலோமீட்டரும் ஒரு பூசாரியும்

போன வாரம் என் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் கேட்டான்: "மாமா, சின்ன எலெக்ட்ரிக் கார் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கலாமா?" நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அதற்கு முதல் நாள் ராத்திரிதான் போரூர் ஆபீஸ் பார்க்கிங்கில், கொட்டுகிற மழையில், உயிரில்லாத என் காருக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். உடனே பதில் போட்டிருந்தால் உறவு கெட்டிருக்கும். அதனால் ஒரு வாரம் ஆறப்போட்டு எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் பேரைச் சொல்லப்போவதில்லை. விற்ற பையன் எங்கள் அபார்ட்மெண்டிலேயே மூன்றாவது மாடி, தினமும் லிஃப்டில் முகத்தைப் பார்க்க வேண்டும். தவிர, நான் திட்டப்போகும் விஷயம் ஒரு கம்பெனியோடு நிற்கிறதும் இல்லை. சின்ன ஹேட்ச்பேக், 2023 பிப்ரவரியில் எடுத்தது, அப்போது தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் வண்டிக்குச் சாலை வரி கிடையாது, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான், அதனால் மனசு துணிந்தது. மற்ற விவரமெல்லாம் இதைப் படிக்க வந்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

என் ஓட்டம் சென்னையில் வேளச்சேரியிலிருந்து போரூர். கத்திப்பாரா ஏறி இறங்கி, ராமாபுரம் வழியாக, போக 15, வர 15 கிலோமீட்டர். போனில் மேப் 40 நிமிஷம் என்று காட்டும். மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தகரத் தடுப்பு அன்றைக்கு ஓரடி ரோட்டுக்குள் நகர்ந்திருந்தால் அது 70 ஆகிவிடும். இந்த வழியில் எட்டு வருஷம் கியர் வண்டி ஓட்டியதில், மாடிப்படி ஏறினால் என் இடது முழங்கால் 'டக்' என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. இப்போது இடது காலுக்கு வேலையே இல்லை. அது ஆட்டோமேட்டிக் பெட்ரோல் வண்டியிலும் கிடைக்கும்தானே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் கத்திப்பாரா இறக்கத்தில் ஐந்து நிமிஷமாக நகராமல் நிற்கும்போது, சுற்றிலும் நூறு எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, நம்முடையது மட்டும் ஒன்றுமே செய்யாமல், ஏசியை மட்டும் ஓட்டிக்கொண்டு, சும்மா இருக்கிறதே, அந்தச் சும்மா இருத்தலை அனுபவித்தால்தான் தெரியும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து, அந்தச் சக்தியும் பேட்டரிக்குத் திரும்பிவிடுவதால் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். 31,000 ஓடியும் முன்பக்க பிரேக் பேட் பாதிகூடத் தேயவில்லை.

சத்தமில்லாததில் ஒரு தொல்லையும் உண்டு. எங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கர் மேலேயே படுத்துத் தூங்குகிற செவலை நாய் ஒன்று. பால் வேனுக்கு எழும், தண்ணி லாரிக்கு எழும், என் வண்டிக்கு மட்டும் எழாது. ஹாரன் அடித்தால் எதிர் வீட்டுத் தாத்தா முறைக்கிறார். கண்ணாடியை இறக்கி "டேய், எந்திரிடா" என்று சொன்னால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வாலை மட்டும் இரண்டு அங்குலம் நகர்த்திக்கொள்ளும். மூன்று வருஷமாக இதுதான் எங்கள் காலை வணக்கம்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பவர்களுக்கு: காகிதத்தில் 300 சொச்சம் கிலோமீட்டர், என் கையில் ஏசியோடு 190. இந்த ஊரில் ஏசி இல்லாமல் ஓட்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, அதனால் 190தான். ஒரு நாளைக்கு 30 போகிறவனுக்கு அதுவே வாரம் தாங்கும். குலதெய்வம் கோயிலுக்குக் கும்பகோணம் பக்கம் போவதற்கு ரயில் இருக்கிறது, அண்ணன் வண்டி இருக்கிறது.

செலவுக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. இரண்டு மாசத்தில் சுமார் 1,900 கிலோமீட்டர் ஓடினால் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 230, 235 யூனிட் இழுக்கிறது. பார்க்கிங்கில் இருக்கும் 15 ஆம்பியர் பாயிண்ட் என் வீட்டு மீட்டரிலிருந்துதான் வருகிறது. வீட்டுக்கு 300, வண்டிக்கு 230, மொத்தம் 530. நம் ஈபி கணக்கில் 500ஐத் தாண்டினால் தாண்டிய 30 யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, 101லிருந்து 200 வரைக்கும் இருந்த மலிவு விலையும் போய்விடும். முதல் பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு முந்தைய வாரம் மட்டும் ஆபீஸில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன். தாண்டினாலும் பெரிய நஷ்டம் இல்லை. வண்டியால் கூடுவது 1,600 ரூபாய்க்குப் பக்கம், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குள். பழைய பெட்ரோல் வண்டி இதே நெரிசலில் லிட்டருக்கு 14 கொடுத்தது. இன்றைய விலையில் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல்.

மிக்ஜாம் புயல் கதையைச் சொல்லாமல் விட்டால் வண்டிக்குத் துரோகம். 2023 டிசம்பர் 3 சாயங்காலமே வேளச்சேரிக்காரர்கள் வழக்கப்படி வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்தினேன். நல்லவேளை. எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்து வண்டியைக் கீழே கொண்டுவந்த பிறகும் கரண்ட் வரவில்லை. புழுக்கத்தில் குழந்தை தூங்காமல் அழ, ராத்திரி பதினோரு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்து, சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவைத்து ஏசியைப் போட்டேன். மூன்று மணி நேரம் தூங்கினாள். ஏழெட்டு சதவீதம் சார்ஜ் குறைந்திருந்தது, அவ்வளவுதான். புகை இல்லை, சத்தம் இல்லை. மறுநாள் அபார்ட்மெண்டில் பாதிப் பேர் போன் சார்ஜ் போட என் காருக்கு வந்தார்கள். பார்க்கிங்கில் எனக்கு பிளக் பாயிண்ட் கொடுக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்று ஆறு மாசம் ஆட்சேபம் சொன்ன ஆள் இரண்டு போனோடு வந்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் செருகினேன். அது பெரிய மனசு இல்லை, அதைவிட நல்ல பதிலடி தோன்றவில்லை.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் திட்டுகிறேன்? பூசாரியால்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அது எலெக்ட்ரிக் காருக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. சீட்டுக்கு அடியில் இருபது யூனிட்டுக்கு மேல் கொள்ளும் பெரிய லித்தியம் பேட்டரி, அது சாமி. பானெட்டுக்குள் ஒரு மூலையில் 12 வோல்ட்டில் சாதாரண ஈய பேட்டரி ஒன்று இருக்கிறது, அவர்தான் பூசாரி. கதவுப் பூட்டு, விளக்கு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அவர் கையில். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சை மூடுவதற்கும் அவர் மனசு வைக்க வேண்டும். அவர் படுத்துவிட்டால் உள்ளே எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி நகராது. சார்ஜரைச் செருகினாலும் ஏற்றிக்கொள்ளாது, ஏனென்றால் அதற்கும் அவர்தான் கதவைத் திறக்க வேண்டும்.

முதல் தடவை ஆகஸ்டில், திங்கட்கிழமை காலை. சாவி பட்டனை அழுத்தினால் ஒன்றும் இல்லை. போன் ஆப்பில் 82 சதவீதம் என்று பச்சையாகச் சிரிக்கிறது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன், உள்ளே இருட்டு. ரோட்டோர உதவிக்குப் போன் போட்டால், "எவ்ளோ பர்சன்ட் சார் இருக்கு?" என்றார்கள். 82 என்றேன். "அப்போ ஸ்டார்ட் ஆகணுமே சார்." ஆகணும்தான். ஜம்ப் ஸ்டார்ட் பெட்டியோடு ஆள் வர மூன்று மணி நேரம். அப்புறம் சர்வீஸ் சென்டரில் நாலு நாள் வைத்திருந்து, சாஃப்ட்வேர் அப்டேட் செய்துவிட்டோம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். "பேட்டரி ஹெல்த் சூப்பரா இருக்கு சார்." எந்த பேட்டரி? பெரியது! பூசாரி மூச்சுமுட்டிக் கிடக்கிறார், இவர்கள் சாமிக்கு தீபாராதனை காட்டியிருக்கிறார்கள். சின்ன பேட்டரியைச் சோதித்தீர்களா என்று கேட்டதற்கு, "அதுல எரர் கோட் எதுவும் வரல சார்" என்றார் அட்வைசர்.

இரண்டாவது தடவைதான் போரூர் மழை. இந்த முறை சர்வீஸ் சென்டரைக் கூப்பிடவே இல்லை. ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேட்டரிக் கடைக்காரர் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, "கரண்ட் வண்டியா சார்? கை வைக்கலாமா?" என்று கேட்டார். வைங்க, ஆரஞ்சு கலர் ஒயரை மட்டும் தொடாதீங்க என்றேன். பேட்டரியைச் சோதிக்கும் லோட் டெஸ்டரை வைத்ததும் முள் அப்படியே சரிந்தது. "ஒரு செல் போயிடுச்சு சார். இது பெட்ரோல் வண்டிக்குப் போடுற அதே 35 ஆம்பியர்தான், கடையில இருக்கு." இருபது நிமிஷம். பழைய பேட்டரிக்கு 700 கழித்துக்கொண்டு 4,600 ரூபாய். திரை ஒளிர்ந்தது, 64 சதவீதம் என்று காட்டியது, வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. நாலு நாளில் அவர்களால் கண்டுபிடிக்க முடியாததை இவர் ஒரு முள்ளில் கண்டுபிடித்தார்.

நியாயமாகப் பேசினால், பெட்ரோல் வண்டியிலும் இந்த வெயிலுக்கு மூன்று, நாலு வருஷத்தில் பேட்டரி போகத்தான் செய்யும். ஆனால் அங்கே அது சொல்லிவிட்டுப் போகும். ஒரு வாரம் முன்னாலேயே செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கும், நமக்கே தெரிந்துவிடும். எலெக்ட்ரிக் காரில் செல்ஃப் மோட்டாரே கிடையாதே, அந்தச் சின்ன பேட்டரிக்குப் பாரம் தூக்குகிற வேலையே வராததால், கடைசி நாள் வரை ஆரோக்கியமாக நடித்துவிட்டு ஒரே ராத்திரியில் கையை விரித்துவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. 2001இல் பெங்களூரில் ரேவா என்ற எலெக்ட்ரிக் கார் வந்தபோது அது ஓடியதே ஈய பேட்டரியில்தான். இத்தனை வருஷத்தில் ஓட்டத்துக்கு லித்தியம் வந்துவிட்டது, கதவைத் திறக்க மட்டும் என் வண்டியில் இன்னும் அந்தப் பழைய ஈயம். டெஸ்லா 2021லிருந்தே அந்தச் சின்னதையும் லித்தியமாக மாற்றத் தொடங்கிவிட்டது. நம் விலைக்கு அது கட்டுப்படியாகாது என்றால் போகட்டும், அந்தப் பெரிய திரையில் 12 வோல்ட் இப்போது எவ்வளவு என்று ஒரு எண் காட்டக்கூடாதா? டயர் காற்று காட்டுகிறது, வானிலை காட்டுகிறது, நான் எவ்வளவு நல்ல டிரைவர் என்று மார்க் போடுகிறது. என்னை நடுரோட்டில் நிறுத்தக்கூடிய ஒரே எண்ணை மட்டும் காட்டாது.

சரி மச்சான், உன் கேள்விக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனதிலிருந்து உனக்கே குழப்பம் என்று தெரியும். நீ இருப்பது சேலையூரில் வாடகை வீடு, வண்டி நிற்பது தெருவில். பிளக் பாயிண்டுக்கு உன் ஹவுஸ் ஓனரிடம் பேசுவது நான் அசோசியேஷனிடம் பட்ட பாட்டைவிடக் கஷ்டம். மேலே நான் எழுதிய புகழ் எல்லாமே வீட்டில் ராத்திரி செருகிவிட்டுத் தூங்கப்போகிறவனுடைய புகழ். அதனால் வாங்காதே. போரூர் மழை இன்னும் சட்டையில் காயாததால் இப்படிச் சொல்கிறேனோ என்னவோ, ஆனாலும் வாங்காதே.

உன் அக்கா இதைப் படித்துவிட்டு, "அப்போ நம்ம வண்டியை வித்துடலாமா?" என்று கேட்டாள். எதற்கு? புது பேட்டரி போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது.

நீ எப்படியும் வாங்கத்தான் போகிறாய், பேச்சு கேட்கிற குடும்பமா உங்களுடையது. வாங்கினால் சீட் கவருக்கு முன்னால் 350 ரூபாய்க்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், பானெட்டைத் திறந்து பூசாரிக்கு நாடி பிடித்துப் பார். 12.6 வோல்ட் என்றால் மூடிவிட்டுப் போய் டிபன் சாப்பிடு. 12.2க்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் எனக்குப் போன் பண்ணாதே, பேட்டரிக் கடைக்குப் பண்ணு.