பழைய மதர்போர்டைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறங்களிலும் பழைய கணினிகளைச் சேர்த்து வைத்திருக்கும் நம்மவர்களுக்காகவும், வீட்டுப் பெரியவர்கள் விட்டுப்போன ஒன்றை மீண்டும் ஓடவைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பழைய மதர்போர்டுகளை, அதாவது கணினியின் உறுப்புகள் எல்லாம் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகைகளை, புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்து, வீட்டுக் கராஜில் தொழில் நடத்தும் ஒருவரிடம் நான் ஒரு பலகையை ஒப்படைத்தேன். பேட்டரிக் கசிவால் வந்த அரிப்பு நீக்கப்படாமல், அதன்மேல் வார்னிஷ் மட்டும் பூசப்பட்டு, விலைபோகக்கூடிய உதிரிகள் கழற்றப்பட்ட நிலையில் அது திரும்பி வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் செய்த வேலைக்கு அடையாளங்கள் உண்டு. அவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

கணினி என் சித்தப்பாவுடையது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் திருவிழா அறிவிப்புகளும் அச்சடித்துக் கொடுத்த காலத்தில் அவர் வாங்கியது: 40 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி 386 செயலி, அதன் அருகிலுள்ள சாக்கெட்டில் ஒரு கணிதத் துணைச் செயலி, ஒவ்வொன்றும் 4 எம்பி கொண்ட நான்கு மெமரிப் பலகைகள். அதற்கு வந்த நோய் அந்தக் காலத்துப் பலகைகள் பலவற்றுக்கும் பொதுவானதுதான். நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க அவற்றில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பலகையிலேயே ஈயம் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். வயதான பிறகு அந்தப் பேட்டரி கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுமையான காரம். அது பலகையில் மின்சாரம் ஓடும் செப்புத் தடங்களின் வழியே ஊர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் துளைகளுக்குள்ளும் இறங்கி, செம்பைக் களிம்பாக்கிவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே கீபோர்டு சாக்கெட்டும் கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பும் இருப்பதால், முதல் அடி பெரும்பாலும் அவற்றின்மேல்தான் விழும்.

இதைச் சரிசெய்யும் முறை ஒன்றும் பரம ரகசியமல்ல. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, கசிவு பட்ட இடத்திலுள்ள சாக்கெட்டுகளையும் சிப்புகளையும் கழற்ற வேண்டும். காரத்தை வெள்ளை வினிகரால் முறித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு கறுத்த தடங்களின் மேல்பூச்சைச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்தபின் ஈயம் பூச வேண்டும். முற்றிலும் அறுந்துபோன தடத்துக்குப் பதில் மெல்லிய கம்பி இழுத்து, ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஓடுகிறதா என்று மல்டிமீட்டர் என்னும் அளவுக்கருவியால் சோதிக்க வேண்டும். பாதுகாப்புப் பூச்சு கடைசியில்தான் வரும். பொறுமை கேட்கும் வேலை என்பதால் அவர் சொன்ன 2,800 ரேண்ட் எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. "அண்ணா, நம்ம ஆளுக்கு நான் வேலையில் குறை வைப்பேனா?" என்று வேறு கேட்டார்.

பலகை திரும்பி வந்தபோது பார்வைக்குப் புதிது போலிருந்தது, இயங்கவும் செய்தது. ஆனால் திரையில் மெமரி எண்ணிக்கை 4 எம்பியிலேயே நின்றுவிட்டது, துணைச் செயலி இல்லை என்றும் காட்டியது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு சாக்கெட்டையும் படம் எடுத்து வைத்திருந்தேன். 4 எம்பி பலகைகள் இருந்த இடத்தில் இப்போது 1 எம்பி பலகைகள் இருந்தன. துணைச் செயலியின் சாக்கெட் காலி. கேட்டதற்கு, அவை எரிந்துபோயிருந்தன என்றும், குப்பையில் போட்டுவிட்டதாகவும் பதில் வந்தது. பேட்டரிக் கசிவு கீபோர்டு மூலையை விட்டுவிட்டு, பலகையின் மறுகோடியிலுள்ள நான்கு மெமரிப் பலகைகளை மட்டும் எப்படித் தேடிப் போய் எரித்தது என்று அவரால் விளக்க முடியவில்லை.

மூன்று மாதம் நிறைவதற்குள் கணினி நின்றுபோனது. திரை கறுப்பாகவே இருக்க, ஸ்பீக்கரில் ஆறு பீப் ஒலிகள் கேட்டன. இந்தப் பலகையிலுள்ள ஏஎம்ஐ பயாஸ், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல், கீபோர்டு கன்ட்ரோலர் பதில் தராவிட்டால் எழுப்பும் குறிப்பு அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, அந்த மூலையில் மட்டும் பச்சை வார்னிஷ் மற்ற இடங்களைவிடத் தடித்து, சிப் சாக்கெட்டின் விளிம்பில் வழிந்து உறைந்திருந்தது. சாக்கெட் கழற்றப்படவே இல்லை என்பதற்கு அந்த வழிசலே சாட்சி. ஊசி முனையால் நெம்பியதும் வார்னிஷ் ஏடு போல உரிந்து வந்தது. அதன் அடியில் நீலப்பச்சைத் தூளும், அதற்கும் அடியில் கரி போலக் கறுத்த தடமும் இருந்தன. கன்ட்ரோலரிலிருந்து கிளம்பும் தடங்களில் ஒன்றில் மின்தொடர்ச்சியே இல்லை. இன்னொன்று, தடையே இருக்கக் கூடாத இடத்தில், சில நூறு ஓம் மின்தடை காட்டி, பலகையை விரலால் அழுத்தினால் அளவு மாறியது. கழுவப்படாத கார உப்பு ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டர்பனின் கடற்காற்றிலும் கோடைப் புழுக்கத்திலும் பூச்சுக்கு அடியில் அரிப்பு தொடர்ந்ததில் வியப்பே இல்லை.

இதைவிடக் கவலை தந்தது புதிதாக அவர் வைத்திருந்த பேட்டரி. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பலகையே மின்னேற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் மின்னேற்றக் கூடாத 3 வோல்ட் லித்தியம் பொத்தான் பேட்டரியை வைப்பதானால், மின்னோட்டம் உள்ளே போகாதபடி ஒரு டயோடு போட்டே தீர வேண்டும். அவர் போடவில்லை. கணினியை இயக்கி அளந்தபோது பேட்டரியின் முனைகளில் 4 வோல்ட்டுக்கும் மேல் இருந்தது. பேட்டரி ஒரு பக்கம் உப்பத் தொடங்கியிருந்தது. அது வீட்டுக்குள் வெடித்திருந்தால் யார் பொறுப்பு?

படங்களை அனுப்பியபோது, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது அழுத்தம் ஏறிப் பலகை கெட்டிருக்கும் என்றும், தன்னுடைய உத்தரவாதம் 30 நாள்தான் என்றும் எழுதினார். இந்த ஊரில் எது பழுதானாலும் மின்வெட்டின் தலையில் கட்டிவிடலாம் என்பது பலருக்குப் பழகிவிட்டது. ஆனால் மின்னழுத்தம் வார்னிஷுக்கு அடியில் களிம்பை வளர்க்காது.

சட்டம் அவர் சொன்னதுபோல் இல்லை. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பழுதுபார்க்கும்போது பொருத்திய உதிரிக்கும் அதைப் பொருத்திய உழைப்புக்கும் மூன்று மாத உத்தரவாதத்தைத் தருகிறது. வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அது செல்லாது. மின்வெட்டுக் கதையை அவர் எடுத்ததும் இதற்காகத்தான் இருக்க வேண்டும். 67ஆம் பிரிவு, கழற்றிய உதிரிகளைத் தனியே வைத்திருந்து, வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, திருப்பித் தரச் சொல்கிறது. ஆகவே 'குப்பையில் போட்டுவிட்டேன்' என்பது பதிலே ஆகாது. நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான ஓம்புட்ஸ்மனிடம், அதாவது குறைகேட்பு நடுவரிடம், புகார் கொடுத்திருக்கிறேன். தீராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே 20,000 ரேண்ட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே நாம் நேரில் வைக்கலாம்.

நீங்கள் எவரிடம் கொடுத்தாலும், சிப்புகளின் மேல் அச்சிட்ட எழுத்துகள் படிக்கும்படி படம் எடுத்து, என்னென்ன ஒப்படைத்தீர்கள் என்ற பட்டியலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். கழுவிச் சுரண்டியபின், பூச்சு பூசுவதற்கு முன், அந்த மூலையின் படத்தைக் கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர் அதைத் தரத் தயங்க மாட்டார். கழற்றிய உதிரிகள், அழுகிய பேட்டரி உட்பட, ஒரு பையில் உங்களிடம் வந்து சேர வேண்டும்.

காணாமல்போன நான்கு மெமரிப் பலகைகளின் பின்புறத்திலும் சித்தப்பா சிவப்பு மையால் 1 முதல் 4 வரை எண் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவற்றை யாராவது உங்களிடம் விற்க வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.