வரிசையின் கடைசி ஆளுக்கும் வெந்நீர்: குழு முகாமுக்கான ஷவர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

சாலையும் மின்சாரமும் எட்டாத இடத்தில் இருபது பேர் சில நாள் தங்கப் போகிறார்கள் என்றால், அவர்களுக்கு வெந்நீர்க் குளியல் ஏற்பாடு செய்பவர் கண்ணில் படும் விளம்பரங்கள் யாவும் முதலில் குளிப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. நீர் எத்தனை நொடியில் சூடாகும், எத்தனை டிகிரி வரை ஏறும், கருவி எவ்வளவு சிறிய பைக்குள் அடங்கும் என்பவையே அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. நான் கேட்பது வேறு. வரிசையில் கடைசியாக நிற்பவர், பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்துவிட்ட நேரத்தில், முதலாமவருக்குக் கிடைத்த அதே சூட்டில், அதே அளவு நீரில் குளிக்க முடிகிறதா? இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் சந்தையில் உள்ள வகைகளை இங்கே மதிப்பிடுகிறேன். அதில் தேறுவது, வாகனம் சென்றடையும் முகாம்களுக்கு, எரிவாயுவில் இயங்கும் உடனடி வெந்நீர்க் கருவியும் அதற்குப் பொருத்தமான 12 வோல்ட் பம்பும் சேர்ந்த அமைப்பு மட்டுமே. நடந்தே போய்ச் சேரும் முகாம்களுக்கு வேறு வழி உண்டு, அதற்கும் வருகிறேன்.

கணக்கை நீரிலிருந்து தொடங்க வேண்டும். முகாம் ஷவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊற்றுபவை. ஒருவர் 5 நிமிடம் திறந்துவிட்டபடி நின்றால் 25 லிட்டர். 20 பேருக்கு 500 லிட்டர், அதாவது அரை டன் எடை. ஓடையிலிருந்து யாராவது சுமந்து வர வேண்டிய எடை அது. உடலை நனைத்துக்கொண்டு நீரை நிறுத்தி, சோப்புத் தேய்த்து, பிறகு திறந்து அலசிக்கொண்டால் 10 லிட்டர் போதும். நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு 15 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். ஆகவே எந்த அமைப்பை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஷவர் கைப்பிடியிலேயே நீரை நிறுத்தித் திறக்கும் விசை இருக்கிறதா என்பதைத்தான். அது இல்லாத அமைப்பு மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும் குழுவுக்கு உதவாது.

அடுத்தது வெப்பம். ஒரு லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து உடலுக்கு இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 105 கிலோஜூல் வேண்டும். இருபது பேருக்குத் தலா 10 லிட்டராக 200 லிட்டருக்கு அது 21,000 கிலோஜூல், மின் கணக்கில் சொன்னால் 5.8 யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட கனமான பேட்டரி ஒன்று முழுமையாகத் தீர்ந்துபோகும்வரை தரக்கூடியது 1.2 யூனிட் மட்டுமே. பேட்டரியால் நீரைச் சூடாக்கும் கருவிகள் தனிநபர் பயணத்துக்கு ஒருவேளை உதவலாம். குழு முகாமில் அவற்றுக்கு இடமில்லை என்பதை இந்தக் கணக்கே முடித்துவைக்கிறது. அதே 200 லிட்டரைச் சூடாக்க, கருவியின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டாலும், 600 கிராமுக்கும் குறைவான புரொபேன் எரிவாயு போதும். 5 கிலோ சிலிண்டர் ஒன்று இருபது பேரை எட்டு முறை குளிப்பாட்டிவிடும். பேட்டரிக்குரிய வேலை பம்பை ஓட்டுவது. அதற்கு இருபது பேர் குளித்து முடிப்பதற்குள் நான்கு ஆம்பியர்-மணி அளவுக்கே செலவாகும்.

சூரிய ஒளியில் சூடாகும் கறுப்புப் பைகள் எளியவை, இலேசானவை, அதிகம் பழுதாகாதவை. 20 லிட்டர் பையை நல்ல வெயிலில் படுக்கவைத்தால் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 20 டிகிரி சூடு ஏறும். ஆனால் இருபது பேருக்குப் பத்துப் பைகள் வேண்டும். நிரம்பிய ஒவ்வொன்றையும், 20 கிலோ எடையை, தலைக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். மேகம் மூடினால் எல்லாப் பைகளும் ஒருசேரக் கைவிடும். மாலை நான்கு மணிக்குச் சூடாக இருந்த பை இரவு ஏழு மணிக்கு அப்படி இராது என்பதால், கடைசி ஆளுக்கு இதில் நியாயம் கிடைப்பதில்லை. வாகனத்தின் கூரையில் பொருத்தும் கறுப்பு அலுமினியக் குழாய்த் தொட்டிகளும், ரோட்ஷவர் போன்றவை, இதே வகையைச் சேர்ந்தவைதாம். உள்ளே காற்றழுத்தம் ஏற்றிக்கொள்ள முடிவதால் அவற்றில் நீர் விசையோடு வருகிறது, பையைத் தூக்கிக் கட்டும் தொல்லையும் இல்லை. ஆனால் அவை ஒரு குடும்பத்துக்கு ஏற்றவை.

நடந்து செல்லும் குழுவுக்கு என் பரிந்துரை மிகப் பழைய முறை: ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, பச்சைத் தண்ணீரில் விளாவி, மிதிபம்ப் கொண்ட மடக்குப் பையிலோ சாதாரண வாளியிலோ பயன்படுத்துவது. கொதிக்கும் நீர் ஒரு பங்கும் 20 டிகிரியில் உள்ள நீர் மூன்று பங்கும் சேர்ந்தால் சரியாக 40 டிகிரி கிடைக்கும். 5 லிட்டர் கொதிநீர் இருவருக்குப் போதுமானது. பிளாஸ்டிக் பையில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுத்தான் கொதிநீரைச் சேர்க்க வேண்டும். பைக்கும் கைக்கும் அதுவே பாதுகாப்பு. சமையலுக்கு எடுத்துச் செல்லும் அடுப்பே இதற்கும் உதவுவதால் கூடுதல் சுமை ஏதும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளாவித் தருவதால் கடைசி ஆளும் ஏமாற்றப்படுவதில்லை. அடுப்பருகே ஒருவர் முழு நேரமும் நிற்க வேண்டியிருப்பது மட்டுமே இதன் விலை.

வாகனம் முகாம் வரை போகுமென்றால், எரிவாயுக் கருவியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஈக்கோடெம்ப் எல்5, கேம்ப்ளக்ஸின் 5 லிட்டர் கருவி ஆகியவை இந்த வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் எரிதிறன் 10 அல்லது 11 கிலோவாட். பற்றவைப்பதற்கு டி அளவு பேட்டரிகள் இரண்டு போதும். நீர் ஓடத் தொடங்கியதும் தானே எரியும், நின்றதும் தானே அணையும். 11 கிலோவாட் கருவி இழப்புபோக நிமிடத்துக்கு 5 லிட்டர் நீரை 25 டிகிரி அளவுக்கு உயர்த்தும் என்று எதிர்பார்க்கலாம். ஓடை நீர் 15 டிகிரியாக இருந்தால் 40 டிகிரி கிடைக்கும். பனி உருகி வரும் 5 டிகிரி நீராக இருந்தால் 30 டிகிரிதான் கிடைக்கும். அப்போது ஓட்டத்தை மூன்றரை லிட்டராகக் குறைத்தாக வேண்டும். உயரமும் இதில் குறுக்கிடுகிறது. 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எரிதிறன் சுமார் 4 விழுக்காடு குறையும் என்பது எரிவாயுக் கருவிகளுக்கான வழக்கமான கணக்கு; 3,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. குளிர்ந்த நீரும் உயரமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், மலை முகாமுக்குத் திட்டமிடுபவர்கள் கருவியின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் கருவியைக் கவனித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பம்பைக் கடைசியில் கைக்குக் கிடைத்தபடி சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த அமைப்புகளில் நான் கண்ட தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. நீரின் அழுத்தத்தை உணர்ந்துதான் கருவி எரிகிறது. ஈக்கோடெம்ப் எல்5 எதிர்பார்க்கும் குறைந்தபட்ச அழுத்தம் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு). இரண்டு மீட்டர் உயரத்தில் தொட்டியை வைத்தால் கிடைப்பது 3 பிஎஸ்ஐ அளவே. வாளியில் போடும் சிறிய மூழ்கு பம்புகளும் பெரும்பாலும் இதற்குப் போதாதவை. கேம்ப்ளக்ஸ் கருவி மிகக் குறைந்த அழுத்தத்திலும் எரியும்படி வடிவமைக்கப்பட்டது என்பதால், எளிய பம்பை வைத்துச் சமாளிக்க நினைப்பவர்களுக்கு அதுவே பொருந்தும். என் தேர்வு, அழுத்தத்தை உணரும் சுவிட்ச் உள்ளமைந்த டயஃப்ரம் பம்ப், அதாவது நெகிழும் சவ்வின் அசைவால் நீரைத் தள்ளும் பம்ப். கைப்பிடியில் நீரை நிறுத்தியதும் பம்ப் தானே நின்றுவிடும், திறந்ததும் ஓடும். சோப்புத் தேய்க்கும் இடைவெளியில் யாரும் ஓடிப்போய் விசையை அணைக்க வேண்டியதில்லை. ஓட்டம் மிகக் குறையும்போது இந்தப் பம்ப் விட்டுவிட்டு இயங்கி, தீச்சுடரும் அதற்கேற்ப அணைந்து எரியும்; உள்ளே காற்று அடைத்த சிறிய அழுத்தக் கலன் ஒன்றைப் பம்புக்கு அடுத்து இணைத்தால் அந்தத் துடிப்பு அடங்கிவிடுகிறது. பம்புக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ண வடிகட்டி கட்டாயம். ஓடை மணலின் ஒரு துகள் பம்பின் வால்வில் சிக்கினாலே அழுத்தம் போய்விடும்.

உடனடி வெந்நீர்க் கருவிகளுக்கே உரிய ஆபத்து ஒன்றைப் புதியவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நீரை நிறுத்தியதும் தீ அணைந்தாலும், செம்புச் சுருளில் தங்கிய நீர் அங்கிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மேலும் கொதிப்பேறுகிறது. மீண்டும் திறக்கும்போது அந்தச் சிறு அளவு நீர்தான் முதலில் வரும். 60 டிகிரி நீர் ஐந்தே நொடியில் தோலைச் சுட்டுவிடக்கூடியது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைந்த நேரம் போதும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஷவரைத் தரையை நோக்கிப் பிடித்துத் திறந்து, கையால் சூடு பார்த்த பிறகே உடலில் ஊற்ற வேண்டும். இந்த ஒரு விதியை எழுதிக் குளியல் கூடாரத்தில் தொங்கவிடுமாறு முகாம் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கருவிக்கும் ஷவருக்கும் இடையே ஹோஸ் சற்று நீளமாக இருந்தால், சூடான நீரும் பின்னால் வரும் நீரும் ஓரளவு கலந்து அந்த அதிர்ச்சி தணிகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. கருவியைக் கூடாரத்துக்குள், குளியல் கூடாரத்துக்குள்கூட, ஒருபோதும் வைக்கக் கூடாது. மழையானாலும் காற்றானாலும் அது திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும், உள்ளே போவது ஹோஸ் மட்டுமே. மணமோ நிறமோ இல்லாத வாயு என்பதால் அது சேர்வதை யாரும் உணர்வதில்லை. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ரெகுலேட்டர் அந்தக் கருவிக்குரியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை இணைத்ததும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் அளவிலும் சிக்கனம் உதவாது. 11 கிலோவாட் கருவி முழு வீச்சில் மணிக்கு 850 கிராம் அளவுக்கு வாயுவை இழுக்கும். 450 கிராம் கொள்ளும் சிறு குப்பி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் உறைபனி பூத்து, பாதி வரிசை குளிக்கும்போதே சுடர் தளர்ந்துவிடும். திரவ வாயு ஆவியாகும்போது தன்னையே குளிர்வித்துக்கொள்வதுதான் காரணம். பியூட்டேன் கலந்த வாயு குளிரில் இன்னும் மோசம். பியூட்டேனின் கொதிநிலை நீரின் உறைநிலைக்கு அரை டிகிரி கீழே, புரொபேனுக்கோ உறைநிலைக்கு 42 டிகிரி கீழே. குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் தூய புரொபேனை, 5 கிலோவுக்குக் குறையாத சிலிண்டரில், எடுத்துச் செல்வது நல்லது.

வாகன எஞ்சினின் சூட்டை ஒரு தட்டு வெப்பமாற்றி (இரு நீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் உலோகத் தட்டுகள்) வழியாக எடுத்துக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு. வெந்நீர் வற்றாமல் வந்துகொண்டே இருக்கும். தனியாக எரிபொருள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இருபது பேர் குளிக்கும் வரை எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும் முகாமை நான் விரும்பவில்லை. ஒரே வாகனத்தில் நீண்ட பயணம் போகும் சிறு குழுவுக்கு இது மிகச் சிறந்த தேர்வு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரிசை நகர்வதைத் தீர்மானிப்பது வெந்நீரின் வேகம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஊற்றும் கருவியில் ஒருவரின் 10 லிட்டர் இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் உடை களைவதிலும் துவட்டிக்கொள்வதிலும் போகிறது. எனவே இரண்டாவது கருவிக்குச் செலவிடுவதைவிட இரண்டாவது குளியல் கூடாரம் ஒன்றை எடுத்துச் செல்வது பயனுள்ளது. கருவியிலிருந்து வரும் ஹோஸை இரு கிளை வால்வில் பிரித்து இரு கூடாரங்களுக்கும் கொடுத்தால், ஒருவர் உடை மாற்றும்போது மற்றவர் குளிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கிளை மட்டுமே திறந்திருக்க வேண்டும், இல்லையெனில் இருவருக்குமே ஓட்டம் போதாமல் போகும். கூடாரத் தரையில் மரச் சட்டத் தட்டியோ ரப்பர் விரிப்போ இல்லாவிட்டால், ஐந்தாவது ஆளுக்குள் அங்கே சேறு கூடிவிடும்.

குளித்த நீரை ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி மண்ணில் வடியவிட வேண்டும். மக்கும் சோப்பு என்று எழுதியிருப்பதும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களை நம்பித்தான் மக்குகிறது. நேரே ஓடையில் கலந்தால் அதுவும் மீன்களுக்கும் தவளைகளுக்கும் தீங்கே.

இரவில் உறைபனி விழும் இடமென்றால், கடைசி ஆள் குளித்து முடித்ததும் கருவியின் வடிகால் திருகைத் திறந்து சுருளில் உள்ள நீரை முழுவதும் வெளியேற்றியாக வேண்டும். ஒரு கோப்பை நீர் உறைந்து விரிந்தாலே செம்புக் குழாய் வெடித்துவிடும். வெயில் பைகளிலும் தொட்டிகளிலும் மிஞ்சிய இளஞ்சூட்டு நீரை நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது, ஏனெனில் 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். புறப்படுவதற்கு முன் முழு அமைப்பையும் வீட்டு முற்றத்தில் ஒருமுறை இணைத்து ஓட்டி, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது, உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் எத்தனை டிகிரி வேறுபாடு என்பதை ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்வது, கருவியோடு வரும் கையேட்டைவிட அதிகம் சொல்லும். பையில் சில ரப்பர் வாஷர்கள், ஹோஸ் கிளிப்புகள், பம்பின் ஃபியூஸ், டி பேட்டரிகள் இரண்டு ஆகியவற்றை உபரியாக வைத்துக்கொள்ளவும்.