மண்ணின் ருசி: ஜோலி தோட்டமா, உம்ப்ரெஷ்ட் தோட்டமா?

ரசாயனம் இல்லாமல், தோட்டத்தையே ஓர் உயிராகப் பார்த்து விளைவிக்கும் முறைக்கு பயோடைனமிக் என்று பெயர். பிரான்சின் பயோடைனமிக் ஒயின்களைப் பற்றிப் பேசினால் இந்த இரண்டு குடும்பங்களும் வராமல் இருக்காது. லுவார் ஆற்றங்கரையில், ஆன்ஜே நகருக்குப் பக்கத்தில் ஜோலி குடும்பம். ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸில் உம்ப்ரெஷ்ட் குடும்பம். இருவரும் பின்பற்றுவது ஆஸ்திரிய சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் 1924-ல் ஆற்றிய வேளாண் உரைகளின் வழியை. நம்மூர் இயற்கை விவசாயிகளும் செய்கிற கொம்பு சாண உரம்தான் அங்கேயும்: பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்கப் புதைத்து, எடுத்து நீரில் கலக்கித் தெளிப்பது. முறை ஒன்றுதான். நிலம் வேறு.

ஜோலியின் தோட்டம் குலே டெ செரான், சுமார் 7 ஹெக்டேர். 1130-ல் சிஸ்டர்சியன் துறவிகள் கொடி நட்ட சரிவு. திராட்சை ரகம் ஒன்றே ஒன்று, வெள்ளை ஒயின் தரும் ஷெனின் பிளாங்க். தகடு தகடாக உரியும் ஸ்கிஸ்ட் பாறைமேல் மெல்லிய மண். வங்கி வேலையை விட்டு வந்த நிக்கோலா ஜோலி, ஆலோசகர் பேச்சைக் கேட்டு முதலில் களைக்கொல்லி அடித்தார். மண்ணின் நிறமே மாறியது, பூச்சிகள் காணாமல் போயின என்று அவரே சொல்லியிருக்கிறார். 1984 முதல் முழுத் தோட்டமும் பயோடைனமிக். இப்போது மகள் விர்ஜினி பார்த்துக்கொள்கிறார். அந்த மனமாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரே நிலம், ஒரே ரகம் என்பதால் ருசியில் எது பாறை, எது ரகம், எது அந்த ஆண்டின் வெயில் என்று பிரித்தறிவது கடினம்.

உம்ப்ரெஷ்ட் குடும்பத்திடம் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. அவர்களுடைய ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை, 'பிராண்ட்' என்ற பெயருள்ள சரிவில் கிரானைட்டிலும், வின்ட்ஸ்பூலில் சுண்ணாம்புப் பாறையிலும், ரான்கனில் எரிமலைப் பாறையிலும் விளைகிறது. ரகம் அதே, கை அதே, மாறுவது இடம் மட்டும். ரான்கன், அல்சாஸின் தென்கோடியில் இருக்கும் கிராண்ட் குரு (உயர்தரம் என்று அதிகாரபூர்வமாக வகைப்படுத்தப்பட்ட தோட்டம்), உயரமானது, குளிரானது. நிமிர்ந்து நிற்கும் தெற்குச் சரிவும் வெயிலைப் பிடித்து வைக்கும் கரும்பாறையும் இல்லையென்றால் அங்கே பழம் பழுப்பதே சிரமம். அந்த ஒயினில் வரும் புகைவாசம் பெயர் பெற்றது. இனிப்பு எவ்வளவு என்பதையும் 1 முதல் 5 வரை எண் போட்டு லேபிளிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

நிலம் ருசியை எப்படி மாற்றுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டுமா? என் ஓட்டு உம்ப்ரெஷ்டுக்கு. ஒரே ஆண்டின் ரான்கனையும் பிராண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசியுங்கள். ஜோலி அதற்கு அப்புறம். அதை முந்தைய நாளே திறந்து வையுங்கள். திறந்த உடனே வாசமும் ருசியும் வெளிப்படாத ஒயின் அது.